என் ரத்தத்துல வெயில் இல்லையாம்

கடிகாரமா? நான் எதுக்கு வரையணும்? உனக்குப் பின்னாடி சுவத்துல அவ்வளவு பெருசா ஒண்ணு தொங்குதே, அதப் பாத்துக்கயேன். சரி சரி, புரியுது. வட்டம் போட்டு, நம்பர் எழுதி, பதினொண்ணு பத்துக்கு முள்ளு வைக்கணும், அவ்வளவுதானே? வலது கை மாவுக்கட்டுல கிடக்கு. இடது கையால போட்டா வட்டம் உருளைக்கிழங்கு மாதிரிதான் வரும். அதப் பாத்துட்டு கிழவிக்கு மூளை கலங்கிப்போச்சுன்னு எழுதிராத.

இந்தா. நான் சொன்னேன்ல, உருளைக்கிழங்குதான். ஆனா மணி சரியா இருக்கா இல்லையா? அத எழுது.

இன்னும் என்ன? மாசத்தைப் பின்னாலேர்ந்து சொல்லணுமா? டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர். போதுமா, ஜனவரி வரைக்கும் இழுக்கணுமா? இதோ பாரு டாக்டரம்மா, நான் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு வந்தவ. கட்டுப் போட்டாச்சு. போட்டவங்களுக்கு நன்றியும் சொல்லியாச்சு. கையோட கையா கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கறோம்னீங்க, எடுத்துக்கோங்கன்னு நீட்டினேன். நீட்டினதுதான் தப்பு. இப்ப என்னடான்னா என் ரத்தத்துல வைட்டமின் டியே இல்லையாம். இருக்கவேண்டியதுல கால்வாசிகூட இல்லையாம். படியேறினா தொடை கடுக்குதே, அது அதனாலதானாம். பகல்லயே கண்ணைச் சொக்குதே, அதுவும் அதனாலயா இருக்கலாமாம். கை உடைஞ்சதும் அதனாலதானாம். நல்லா இருக்கே கதை! கீழ கிடந்த ஐஸுக்கு இதுல ஒரு பங்கும் இல்லையா?

மோல்ஃப்ரீட்னே கூப்பிடு. அம்மா கிம்மால்லாம் வேண்டாம், எனக்கு ஒருத்தி அம்மான்னு கூப்பிடறதே தாங்கல.

நீ ஒஸ்லோக்காரி. செப்டம்பர்லதான் இங்க வந்த. இதுதான் உனக்கு முதல் இருட்டு, ரெண்டு மாசத்துக்குச் சூரியனே ஏறாது. பகல் மணி பன்னெண்டாகப் போகுது, வெளிய பாரு, என்ன தெரியுது? அந்த நீலம்தான். அதுவும் ஒரு மணி நேரத்துல போயிரும். ஜனவரி கடைசில சூரியன் வந்துட்டான்னு ரேடியோல சொல்லுவாங்க, எங்களுக்கு அந்த மலை மறைக்கறதால பிப்ரவரி வரைக்கும் கண்ணுல படமாட்டான். அப்படி வந்தாலும் வேலைக்காகாது, மார்ச் வரைக்கும் அந்த வெயில்ல சத்து கிடையாதுன்னு நீயே இப்ப சொன்ன. அத எனக்குச் சொல்றியா நீ? இந்த ஊருக்கு அது தெரியாதா? தெரிஞ்சுதானே வெயிலுக்குப் பதிலா மீன் ஈரல் எண்ணெய் குடிக்கறோம். எங்க பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா காலையில ஒரு பாட்டிலும் ஒரே ஒரு கரண்டியுமா நிப்பா. ஜெபம் சொல்லாதவனை விட்டாலும் விடுவா, வாயைத் திறக்காதவனை விடமாட்டா. அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு எனக்கு டி பத்தலைன்னு சொன்னா, கேக்கறவன் வாயால சிரிக்கமாட்டான்.

ஆமா, குடிக்கறேன். தினமும்தான். காலையில ஒரு கரண்டி. எத்தனை தடவை கேப்ப இதையே?

பாட்டில் ஜன்னல் பக்கத்துலதான் இருக்கு. என் பொண்ணு ரன்வெய்க் இருக்காளே, ட்ரொண்ட்ஹெய்ம்ல, அவகிட்டயே கேளு. அக்டோபர்ல வந்தப்ப பாத்தா. பாதி பாட்டில் இருந்துச்சுன்னு சொன்னாளா? இருக்கட்டும். பாதி காலின்னா பாதி உள்ள போயிருக்குன்னுதானே அர்த்தம்? அவ வேற, வர்றப்பல்லாம் மருந்துக்கடையையே தூக்கிட்டு வர்றா. மஞ்சள் கலர்ல, பளபளன்னு, மீன் முட்டை மாதிரி உருண்டை உருண்டையா ஒரு டப்பா. எண்ணெய் நாத்தமே வராதாம்மா, அப்படியே முழுங்கிரலாம்மான்னு. எனக்கு நாத்தம் ஒரு பிரச்சினையா? நான் நாத்தத்துலயே பொறந்தவ. அந்த டப்பாவா? எங்கயோ வச்சேன். போ, தெரியல.

இல்ல, மறக்கலை! வச்ச இடம் தெரியலைங்கறது வேற, மறதிங்கறது வேற. உன் மூக்குக் கண்ணாடியை நீ ஒருநாளும் தேடினதில்லையா?

என்னன்னு சொன்ன, திரும்பச் சொல்லு. ரெண்டுதான் வழியா? ஒண்ணு, எண்ணெய் உள்ள போகுது, குடல் உறிஞ்சிக்கல. அப்படின்னா ட்ரோம்சோவுக்குப் படகு ஏத்தி அனுப்பி, பெரிய ஆஸ்பத்திரில வாய் வழியா குழாய் விட்டுப் பாப்பீங்க. இன்னொண்ணு, நான் குடிக்காமயே குடிச்சதா நெனச்சுக்கறேன். அப்படின்னா எனக்கு மறதி நோய். மறதி நோய்னா தனியா இருக்கக்கூடாது. தனியா இருக்கக்கூடாதுன்னா முதியோர் இல்லம். அப்பா! ஒரு கரண்டி எண்ணெயைப் பிடிச்சுக்கிட்டு எங்க கொண்டுபோய் விட்டுட்ட பாத்தியா!

மூணாவதா ஒண்ணு இருக்கும்னு உனக்குத் தோணவே இல்லையா? மெஷின் தப்பா இருக்கலாம். வேற யார் ரத்தத்தையாவது மாத்தி வச்சிருக்கலாம்.

ரெண்டு தடவை பாத்தாச்சா. ம்.

எனக்குத் தெரியும், நாளைக்கு நீயும், ரன்வெய்க்கும், நகராட்சிலேர்ந்து அந்த அம்மாவும் உக்காந்து பேசப் போறீங்க. ரன்வெய்க் போன்லயே அழறா. அம்மா, நீ மறுபடி விழுந்தா? இடுப்பு உடைஞ்சா? இருட்டுல யார் பாப்பாங்க? பனி தள்ற வண்டிக்காரன் மட்டும் அன்னைக்கு வராம இருந்திருந்தா? வந்தானே! வராததைப் பத்தி எதுக்குடி பேசறேன்னு கேட்டேன். போனை வச்சுட்டா. இல்லத்துல ஒரு ரூம் காலியா இருக்காம். வசந்தம் வரைக்கும்தானாம். வசந்தம் வரைக்கும்னு உள்ள போனவங்கள்ல வெளிய வந்து காப்பி குடிச்சவ ஒருத்தியைக் காட்டு, நான் இப்பவே கோட்டைப் போட்டுக்கிட்டு உன் பின்னாடி வர்றேன்.

எனக்கு என் வீடு போதும். அடுப்பு என்னோடது, விறகு என் கொட்டகைல இருக்கு, எனக்கு எது இறங்குமோ அதை நான் சமைச்சுப்பேன். அங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? காலையில எல்லாக் கிழங்களையும் வரிசையா உக்கார வச்சு, நர்ஸ் கரண்டியும் கையுமா வருவா. ஆ காட்டு பாட்டி, ஆ காட்டு தாத்தா. வாயைத் துடைச்சு விட்டுட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போவா, ஏமாத்த முடியாது. மத்தியானம் மீன் உருண்டை. அடுத்த நாள் மீன் கேக். அதுக்கு அடுத்த நாள் பால் ஊத்தின மீன் சூப்பு. சீசன் வந்துட்டா மோல்யே, மீனையும் ஈரலையும் சினையையும் ஒண்ணா வேகவச்சு ஆவி பறக்கக் கொண்டுவந்து வைப்பாங்க. அந்த வாசனை தாழ்வாரம் பூரா...

ஒண்ணுமில்ல. தலை லேசா சுத்துச்சு. தண்ணில்லாம் வேண்டாம், உக்காரு.

ஆமா, ஏமாத்த முடியாதுன்னுதான் சொன்னேன். அதுக்கென்ன? சும்மா வாயில வந்த வார்த்தை. நீ என்ன டாக்டரா போலீஸா?

சாப்பாடா? என்ன சாப்பிடுவேன், எல்லாரும் சாப்பிடறதுதான். உருளைக்கிழங்கு. ரொட்டி, பழுப்பு சீஸ். முள்ளங்கி சூப்பு. கறி கிடைச்சா கறி. மீனா? இதென்னம்மா கேள்வி, இந்த ஊர்ல மீனுக்கு என்ன பஞ்சம்? டோர்லைஃப் வாரத்துக்கு ரெண்டு தடவை என் கதவுப் பிடியில மாட்டிட்டுப் போறான். ஒரு பையில மீன், தனியா ஒரு சின்னப் பையில ஈரல். ஹில்மாரோட தம்பி அவன். ஹில்மார்தான் என் வீட்டுக்காரன், போய்ச் சேந்துட்டான். அவன் போனதுலேர்ந்து இவன் ஒரு வாரம் தவறினதில்ல. இங்க அதுதான் வழக்கம். மீனவன் பொண்டாட்டி தனியாயிட்டா முதல் மீன் அவ கதவுக்குத்தான், அப்புறம்தான் தன் வீட்டுக்கு. தட்டமாட்டான், கூப்பிடமாட்டான். கூப்பிட்டா நன்றி சொல்லவேண்டியிருக்கும், அது ரெண்டு பேருக்கும் சங்கடம். விடியக்கால— விடியறதெங்க, காலையில ஆறு மணிக்குக் கதவுல பை உரசற சத்தம் கேக்கும். நான் படுத்துக்கிட்டே கேப்பேன். எழுந்திரிக்கமாட்டேன்.

வேண்டாம்னு சொல்றதா? அது எப்படிச் சொல்றது? மீனை வேண்டாம்னு சொன்னா மனுசனையே வேண்டாம்னு சொன்ன மாதிரி. அதுக்கு அவன் மூஞ்சில துப்பிடலாம்.

எடை எறங்கியிருக்குன்னு நீ வேற பட்டியல் போடாத. வயசானா எறங்கும்.

விழுந்தப்ப கையில என்ன இருந்துச்சா? இத யாரு உன்கிட்ட கேக்கச் சொன்னா? வண்டிக்காரனா? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டான் அவன். ஆமா, பை இருந்துச்சு. மீன் பை. மூணு மீன், ஈரலோட. எங்க போயிட்டிருந்தேனா? நடந்துட்டிருந்தேன். நடக்கக்கூடாதா? நடங்க நடங்கன்னு நீங்கதானே போஸ்டர் ஒட்டியிருக்கீங்க. நெத்தியில விளக்கு கட்டியிருந்தேன், பூட்ஸுக்கு அடியில முள்ளும் மாட்டியிருந்தேன், ஒரு காலுலதான் அது கழண்டுபோச்சு. பள்ளிக்கூடத்து வளைவுல. ஆமா, உன் வீட்டுக்குப் போற வழிதான்.

என்ன அப்படிப் பாக்குற?

சரி, கேளு. போன மாசம் கடையில நின்னுக்கிட்டு எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னியே, நான் ரொட்டி அடுக்குப் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். இந்த ஊர் ஜனங்க எவ்வளவு தங்கமானவங்க, யாருன்னே தெரியல, வாரம் தவறாம என் கதவுல மீன் மாட்டிட்டுப் போறாங்க, ஈரல்கூட விடாம வச்சிருக்காங்கன்னு. அங்க நின்ன ஒருத்தரும் வாயைத் திறக்கல பாத்தியா? ஒவ்வொருத்தனும் இன்னொருத்தன்தான் வைக்கறான்னு நெனச்சுக்கிட்டான். நான்தான் அது.

இதுல நன்றி சொல்ல ஒண்ணும் இல்ல. ஒண்டிக்கட்டைக்கு அவ்வளவு மீன் எதுக்கு? கெட்டுப்போகும். குப்பையில போட்டா நாளைக்கே ஊருக்குத் தெரிஞ்சிரும், இங்க குப்பைத் தொட்டிக்கும் கண்ணு இருக்கு. பூனைக்குப் போட்டா எவ்வளவுதான் தின்னும், அது பீப்பா மாதிரி ஆகி இப்ப மேசையில ஏற மாட்டேங்குது. நீ வெளியூர்க்காரி, புதுசு, எது எங்கேர்ந்து வருதுன்னு கேக்கமாட்ட. அதான் உனக்கு.

ஒண்ணு ரெண்டு வச்சுக்கிட்டு மிச்சத்தைத்தானேன்னா... ம்.

இல்ல. எல்லாத்தையும்தான்.

கேக்காத. எண்ணெயையும் பத்திக் கேக்காத. கேட்டா மறுபடி தினமும் குடிக்கறேன்னுதான் சொல்லுவேன், நீ மறுபடி கடிகாரம் வரையச் சொல்லுவ. ஆமா, பாட்டில் காலியாகுது. காலையில ஒரு கரண்டி ஊத்தறேன். ஊத்தறது கரண்டிலதான். கரண்டிலேர்ந்து அது எங்க போகுதுன்னு நீயும் கேக்கல, என் பொண்ணும் கேக்கல.

அப்பப்பா! என்ன பொண்ணும்மா நீ, அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு. சரி, அந்த மாத்திரை. அரைமணி நேரமா அத முழுங்கு முழுங்குன்னு சொல்றியே, அது எதுலேர்ந்து பண்றது? கேக்கறதுக்கு பதில் சொல்லு. எனக்குக் கண்ணாடி இல்ல, நீ படி. சின்ன எழுத்தைப் படி, பெரிய எழுத்துல எல்லாரும் நல்லதாத்தான் எழுதுவான்.

மீன் எண்ணெய்ல கரைச்சதா? அப்ப அத எடுத்து உள்ள வை. நான் சொன்னேன்ல? ரன்வெய்க் கொண்டாந்ததும் இந்த இழவுதான். வேற இல்லையா? அலமாரில அத்தனை டப்பா வச்சிருக்க. தேடு. நான் எங்க போகப்போறேன், கையி இல்லாதவ.

எது? ஆட்டு மயிரா? ரோமத்துல இருக்கற கொழுப்புலேர்ந்தா? நெசமாவா சொல்ற? எல்லாத்தையும் படிச்சுட்டியா, கடைசி வரைக்கும்? மீன் எங்கயும் இல்ல? ஜெலட்டின் கிலட்டின்னு ஏதாவது போட்டு உள்ள மறைச்சு வச்சிருப்பானுங்க, நல்லா பாரு. இல்லையா. அடப்பாவி, இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ஏன் இப்படித் தொடைவலியோட கிடக்கறேன்? ஆடு. ஆடு மலையில மேயற பிராணி. அது கடல் பக்கமே போகாது.

அப்ப குடு. இப்பவே ஒண்ணு குடு. உன் கண்ணு முன்னாடியே முழுங்கறேன், வாயைத் திறந்தும் காட்டறேன்.

ம். ருசியே இல்ல. நல்லவேளை.

ஏனா? இன்னுமா உனக்குத் தெரியல? ஊர்ல ஒருத்தரும் சொல்லலையா? சொல்லமாட்டாங்கதான். ஹில்மார் படுக்கையில போகலம்மா. அடுத்த மார்ச் வந்தா ரெண்டு வருஷம் ஆகுது, காட் மீன் சீசன்ல. அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம், நம்ம துறையிலேர்ந்து பாத்தா தெரியற இடத்துல. படகு கிடைச்சுது. வலை கிடைச்சுது. காப்பிக் குடுவைகூட மூடி கழறாம கிடைச்சுது. ஹெலிகாப்டர் சுத்திச்சு, டோர்லைஃப் ஒரு மாசம் தேடினான், அவன் தொழிலைக்கூட விட்டுட்டுத் தேடினான். பாதிரியார் சவப்பெட்டி இல்லாமயே ஜெபம் படிச்சாரு. அவ்வளவுதான். ஹில்மார் அங்கதான் இருக்கான். மீனும் அங்கதான் இருக்கு. மீனுக்குள்ளதான் ஈரல் இருக்கு. இதுக்கு மேல என் வாயால சொல்ல வைக்காத.

முதல் தடவை பை தொங்கினப்ப சமைச்சேன். தட்டுல வச்சு உக்காந்தேன். அதோட சரி.

ஐயய்யோ, உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது? உனக்கு வச்சதெல்லாம் வெளிக்கடல் மீன். அது வேற தண்ணி. அப்படித்தான் நெனச்சுக்கோ. இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கறாங்க, வேற எப்படிப் பிழைக்கறது? பள்ளிக்கூடம், ரோடு, உன் சம்பளம், எல்லாம் அந்த மீன்லதான் ஓடுது. நான் ஒருத்தி வாயைத் திறந்து, எனக்கு ஏன் இறங்கலைன்னு சொல்லிட்டா போதும், நாளைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல ஒரு வீட்டுலயும் முள்ளுக்கரண்டி மேல ஏறாது. அதுக்கு எனக்கு மறதி நோய்னே இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன். ஆனா அந்த நர்ஸ் கரண்டியைத் தூக்கிட்டு வர்றத நெனச்சாத்தான்...

அழாத. நீ டாக்டர். அழுதா வெளிய உக்காந்திருக்கறவங்க எனக்கு என்னமோ வந்துருச்சுன்னு நெனப்பாங்க.

நாளைக்கு அந்தக் கூட்டத்துல சொல்லு. மோல்ஃப்ரீட்டுக்கு மறதி இல்ல, மாத்திரை மாத்தியாச்சு, தினமும் முழுங்கறா, மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாக்கலாம், அதுவரைக்கும் அவ வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்லு. ஏன் மாத்தினீங்கன்னு கேட்டா ஏதாவது உன் டாக்டர் பாஷைல சொல்லு, உங்களுக்கா வார்த்தை இல்ல. அந்தக் கம்ப்யூட்டர்ல எழுதாத. ரன்வெய்க்குகிட்டயும் வேண்டாம். அவகிட்ட சொன்னா அவ சித்தப்பனுக்குப் போன் போட்டுருவா.

டோர்லைஃப் காதுக்கு மட்டும் இது போகக்கூடாது. நாளைக்குக் காலையில அவன் படகு எடுக்கணும், அவனுக்கு வேற தொழில் தெரியாது.